வெயிலும் வம்சமும்

கதை எழுதுகிறவர்களுக்குப் பரம்பரை வியாதி என்பது மிகவும் சௌகரியமான சரக்கு. மூன்றாவது அத்தியாயத்தில் தாத்தாவுக்கு ஓர் இருமலைக் கொடுத்துவிட்டால் போதும். இருபதாவது அத்தியாயத்தில் பேரன் லேசாகத் தொண்டையைக் கனைத்தாலும் வாசகருக்கு வயிறு கலங்கும். "அந்தக் குடும்பத்துக்கு ஒரு சாபம்" என்று கிழவி ஒருத்தியைச் சொல்ல வைத்தால் காரியம் முடிந்தது. சாபத்துக்குக் காரணம் கேட்க யாரும் வரமாட்டார்கள்.

உண்மையான பரம்பரை வியாதி ஒன்றின் சரித்திரத்தைச் சில காலமாகப் படித்து வருகிறேன். தோலில் உண்டாகும் புற்றுநோயைப் பற்றியது அது. இந்த நோய் வெயிலால் வருகிறதா, வம்சத்தால் வருகிறதா என்று இருநூறு ஆண்டுகளாக வைத்தியர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் கடைசியில் கண்டுகொண்ட விடை, சாபம் வைத்துக் கதை பண்ணுகிற எவருக்கும் தோன்றியிராத விடை. ஆகவேதான் அதை இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஸ்டவர்பிரிட்ஜ் என்று ஒரு சிறிய ஊர். அங்கே வில்லியம் நாரிஸ் என்ற டாக்டர் இருந்தார். 1820-ஆம் ஆண்டில் எடின்பரோவிலிருந்து வெளிவந்த ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு அவர் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். ஐம்பத்தொன்பது வயதான ஒரு மனிதர். வயிற்றில் வெகு நாளாக இருந்த மச்சம் ஒன்று வளர்ந்து கட்டியாகி, பிறகு உடம்பெங்கும் கறுப்பாகப் பரவி அவரைக் கொன்றுவிட்டது. இன்று மெலனோமா என்று சொல்லப்படும் கொடிய தோல் புற்றுநோய் அதுதான். அந்தப் பெயர் அப்போது பிறக்கவில்லை.

நாரிஸ் நோயைப் பார்த்ததோடு நிற்கவில்லை. நோயாளியின் குடும்பத்தையும் விசாரித்தார். அந்த மனிதரின் தகப்பனாரும் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி நோயில்தான் இறந்திருந்தார். நோயாளிக்கும் அவர் குழந்தைகளுக்கும் உடம்பில் பல இடங்களில் மச்சங்கள் இருந்தன. இது பரம்பரையாக வரும் நோய் என்று நம்பத் தோன்றுகிறது என்று நாரிஸ் அடக்கமாக எழுதி வைத்தார். 1857-இல் இன்னும் சில நோயாளிகளைச் சேர்த்து எட்டுப் பேரின் விவரங்களை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதிலும் அதே எண்ணம் தொடர்ந்தது.

பெரிய ஆஸ்பத்திரியோ, பூதக்கண்ணாடிக் கூடமோ அவருக்கு இல்லை. ஊர் டாக்டருக்கு இருக்கிற ஒரே வசதிதான் இருந்தது: அப்பாவுக்கு மருந்து கொடுத்த வீட்டில் பிள்ளைக்கும் மருந்து கொடுப்பது. மச்சத்துக்கும் மரணத்துக்கும் வம்சத்துக்கும் உள்ள முடிச்சை முதலில் பார்த்தது அந்தக் கண்தான்.

இனி மறு கட்சி. வெயில்தான் காரணம் என்ற கட்சி. ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் பால் உன்னா என்ற சரும வைத்தியர் கப்பல்காரர்களைப் பரிசோதித்து வந்தார். ஆண்டுக்கணக்கில் திறந்த தளத்தில் நின்று வேலை செய்தவர்களின் முகமும் கையும் தடித்துக் கறுத்து, கடைசியில் புற்றாக மாறுவதைக் கண்டு 1894-இல் எழுதினார். மாலுமியின் தோல் என்றே அதற்குப் பெயரிட்டார். அதே மாலுமிக்குச் சட்டை மறைத்த இடத்தில் தோல் சுத்தமாக இருந்தது. ஒரே உடம்பு, ஒரே வம்சம். வெயில் பட்ட இடத்தில் மட்டும் நோய் என்றால் குற்றவாளி யார் என்று சொல்ல வேண்டுமா?

1956-இல் ஆஸ்திரேலியாவில் லங்காஸ்டர் என்ற புள்ளிவிவர நிபுணர் இன்னொரு சாட்சியம் கொண்டுவந்தார். மெலனோமாவினால் இறந்தவர்களின் கணக்கை மாகாணம் மாகாணமாக எடுத்துப் பார்த்தார். பூமத்திய ரேகைக்கு அருகே உள்ள குவீன்ஸ்லாந்தில் சாவு அதிகம். தெற்கே போகப் போகக் குறைவு. பிரிட்டனிலேயே தங்கிவிட்டவர்களைவிட, அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி வந்த இனத்தாரிடையே நோய் மிகுதி. வெயில் கட்சி ஜெயித்துவிட்டது என்றே தோன்றியது.

ஆனால் அதே ஆஸ்திரேலியாவில், அதே வெயிலில், பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வரும் ஆதிக்குடிகள் இருக்கிறார்களே! அவர்களிடம் இந்த நோய் மிக அபூர்வம். 1788-இல் வந்திறங்கிய வெள்ளைக்காரர்களின் சந்ததியாரிலோ, எழுபது வயதுக்குள் மூவரில் இருவருக்கு ஏதாவது ஒரு தோல் புற்று வந்துவிடும் என்று அந்நாட்டினர் கணக்குச் சொல்வது வழக்கம். வெயில் எல்லோருக்கும் பொது. தோல் பொது அல்ல.

தோலின் நிறம் மெலனின் என்ற சாயப் பொருளால் உண்டாவது. அதில் இரண்டு வகை. ஒன்று கருமை, வெயிலின் புற ஊதாக் கதிர்களை அது குடைபோல் தடுத்துக்கொள்கிறது. மற்றது செம்மஞ்சள் நிறம். அந்தக் குடையில் ஓட்டை. தோலின் அணுக்கள் எந்தச் சாயத்தைத் தயாரிக்க வேண்டும் என்று உத்தரவிடுவதில் ஒரு ஜீனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1995-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள், செம்பட்டை மயிரும் வெளுத்த தோலும் உள்ளவர்களிடம் அந்த ஜீன் சற்று மாறியிருப்பதைக் கண்டார்கள். எம்.சி.1.ஆர் என்பது அதன் சங்கேதப் பெயர். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் மாறிய பிரதியைப் பெற்றவருக்குப் பெரும்பாலும் செம்பட்டை மயிர். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு மயிர் கறுப்பாகவே இருக்கலாம். ஆனாலும் மெலனோமா வரும் அபாயம் மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்று தெரிந்தது. ஸ்காட்லாந்தின் மேகமூட்டத்தில் இந்த மாறுதலால் தொல்லை அதிகமில்லை. அதே குடும்பத்துப் பிள்ளை குவீன்ஸ்லாந்துக்குப் போய்க் கரும்புத் தோட்டத்தில் நின்றபோதுதான் தொல்லை தொடங்கியது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது நிறத்தைப் பற்றிய கதையாகவே முடிந்திருக்கும். கதையின் உயிர்நாடி வேறு ஊரில் இருக்கிறது. அதற்கு வியன்னாவுக்குப் போக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சரும வைத்தியத்துக்கு வியன்னாதான் தலைநகரம். அங்கே ஹெப்ரா என்ற மகா மேதை. அவருடைய சீடராக இருந்து மருமகனாகவும் ஆனவர் மோரிட்ஸ் கபோஸி. ஹங்கேரியில் கபோஷ்வார் என்னும் ஊரில் 1837-இல் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கோன் என்ற தம் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, பிறந்த ஊரின் பெயரையே 1871-இல் வைத்துக்கொண்டார். கும்பகோணத்தான், சிதம்பரத்தான் என்று நம்மவர்கள் பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொள்வது போலத்தான்.

ஹெப்ராவும் அவரும் சேர்ந்து எழுதிய சரும வைத்திய நூலில், 1870-களில், ஒரு விசித்திர நோய் முதன்முதலாக வர்ணிக்கப்பட்டது. குழந்தை பிறக்கும்போது எந்தக் குறையும் இல்லை. ஓரிரண்டு வயதுக்குள் முகத்திலும் கையிலும் புள்ளி புள்ளியாகக் கருமை விழும். தோல் வறண்டு, பழைய தோல் காகிதம்போல் சுருங்கும். கண் கூசும். பிறகு, ஓடி விளையாட வேண்டிய வயதில், கிழவர்களுக்கு வரும் புற்றுநோய் அந்தக் குழந்தையின் மூக்கிலும் கன்னத்திலும் வந்து உட்காரும். வறட்சியையும் கருமையையும் சேர்த்து, ஸெரோடெர்மா பிக்மென்டோஸம் என்று 1882-இல் பெயர் வைத்தார் கபோஸி. அந்தப் பெயரில் வெயில் என்ற சொல்லே கிடையாது.

இந்த நோய் உடன்பிறந்தவர்களுக்குச் சேர்ந்து வருவதை அக்காலத்து வைத்தியர்கள் கவனித்தார்கள். ஆனால் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒன்றும் இல்லை! நாரிஸ் பார்த்த குடும்பத்தில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கிய நோய், இங்கே ஆரோக்கியமான பெற்றோரிடமிருந்து எப்படிக் குதித்தது?

இந்தக் கேள்விக்கு விடை அப்போதே எழுதப்பட்டு, அதே சாம்ராஜ்யத்தில், வியன்னாவிலிருந்து சில மணி நேர ரயில் பயணத்தில் இருந்த ப்ருன் நகரத்து மடத்தில் தூசி படிந்து கிடந்தது. 1865-இல் மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளை வைத்துத் தாம் கண்ட விதிகளை அங்கே சபையில் வாசித்தார். ஒரு குணம் இரண்டு பெற்றோரிடமும் மறைந்திருந்து குழந்தையிடம் வெளிப்படலாம். அப்படிப்பட்ட பெற்றோரின் சந்ததியில் நான்கில் ஒரு பங்கிடம் வெளிப்படும் என்பது அந்த விதிகளில் ஒன்று. 1900-ஆம் ஆண்டு வரை உலகம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெண்டல் அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கேள்வியும் மடத்தில் விடையுமாக, இரண்டும் சந்திக்காமலே ஒரு தலைமுறை கழிந்ததைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. இப்படி ஒரு கதையை நான் எழுதியிருந்தால், தற்செயல் அதிகம் என்று விமர்சகர்கள் என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டார்கள்.

கபோஸியின் நோயாளிகள் யாரிடமிருந்து நோயைப் பெற்றார்கள் என்பது இப்படித் தெரிந்துவிட்டது. எதைப் பெற்றார்கள் என்பது தெரிய 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஜேம்ஸ் கிளீவர் என்ற இளம் ஆங்கிலேய விஞ்ஞானி வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வைத்தியர் அல்ல. கதிரியக்கம் உயிரணுக்களை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்பவர். அந்த ஊர் நாளிதழில் விஞ்ஞான நிருபர் எழுதிய ஒரு செய்தியின் மூலம், வெயிலில் புற்று வரும் இந்தக் குழந்தைகளைப் பற்றி அவர் அறிந்தார். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பெருமை உண்டாகிறது.

அவர் செய்த சோதனையைப் புரிந்துகொள்ள அச்சுக்கூடத்தை நினைத்துக்கொண்டால் போதும். நம் ஒவ்வொரு அணுவிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இரட்டை இழை இருக்கிறது. உடம்பு எப்படி நடக்க வேண்டும் என்ற முழுப் புத்தகமும் நான்கே எழுத்துக்களால் அதில் கோக்கப்பட்டிருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதன்மேல் விழும்போது, பக்கத்துப் பக்கத்து எழுத்துக்கள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. பழைய அச்சகங்களில் ஈரமும் மையும் சேர்ந்து இரண்டு ஈய எழுத்துக்கள் ஒட்டிக்கொள்ளுமே, அதைப்போல. அப்படியே விட்டால் அடுத்த பிரதி பிழையாகும். பிழைமேல் பிழை சேர்ந்து அணு கட்டுக்கடங்காமல் பெருகினால் அதுதான் புற்று. ஆனால் நம் அணுக்களில் புரூப் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டிக்கொண்ட இடத்தின் இரு பக்கமும் வெட்டி, சுமார் முப்பது எழுத்துக்கள் கொண்ட துண்டை எடுத்து எறிந்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்துக்களைக் கோத்து நிரப்பிவிடுகிறார்கள். பாக்டீரியாக்கள் இப்படித் திருத்திக்கொள்வது 1964-இல் தெரியவந்திருந்தது. மனித அணுக்களும் ஏதோ இப்படிச் செய்கின்றன என்று கிளீவரின் கூடத்தில் சந்தேகித்தார்கள்.

கிளீவர் நோயாளிகளின் தோலிலிருந்து அணுக்களை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். அவற்றின்மேலும் சாதாரண மனிதர்களின் அணுக்கள்மேலும் புற ஊதா விளக்கைக் காட்டினார். திருத்தம் நடந்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும்படி கதிரியக்க அடையாளம் இட்டிருந்தார். சாதாரண அணுக்களில் புள்ளிகள் நிறைந்திருந்தன. நோயாளிகளின் அணுக்களிலோ மிகச் சொற்பமாகவே விழுந்திருந்தன. திருத்துகிறவர் வரவில்லை. கபோஸி பார்த்த புற்றுநோய்க்குக் காரணம் அவ்வளவுதான். 1968 மே மாதம் 'நேச்சர்' பத்திரிகையில் இது வெளிவந்தது.

இந்த விடையைத்தான் எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை என்றேன். அந்தக் குழந்தைகளுக்குப் பெற்றோரிடமிருந்து வந்தது புற்றுநோய் அல்ல. திருத்தும் ஆளின் இல்லாமைதான் வந்தது. நோயை உண்டாக்குவது வெயில்; அதே வெயில் உங்களுக்கும் எனக்கும் தினந்தோறும் அதே கேட்டைச் செய்துகொண்டிருக்கிறது. நாம் தப்பித்துக்கொண்டிருப்பது நமக்குள்ளே ஓயாமல் நடக்கும் ஒரு வேலையினால் என்பது, அந்த வேலை நடக்காத சில குழந்தைகளைப் பார்த்த பிறகே மனிதகுலத்துக்குத் தெரிந்தது. திருத்தம் இல்லாவிட்டால் நிலைமை என்ன? அமெரிக்காவில் இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்தவர்கள் சொல்கிறார்கள்: இருபது வயதுக்கு உட்பட்டவர்களிடையே சாதாரணத் தோல் புற்று மற்றவர்களைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம். முதல் புற்று தோன்றும் வயது ஒன்பதை ஒட்டி.

1972-இல் ஹாலந்தில் ராட்டர்டாம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்று செய்தார்கள். இரண்டு வெவ்வேறு நோயாளிகளின் அணுக்களை எடுத்து ஒன்றோடொன்று இணைத்தார்கள். தனித்தனியே திருத்தத் தெரியாத இரண்டும் சேர்ந்தபோது திருத்தத் தொடங்கின! ஒருவரிடம் வெட்டுகிறவர் இல்லை, மற்றவரிடம் பிழையைக் காட்டுகிறவர் இல்லை என்பதுபோல, குறை வெவ்வேறு இடத்தில் இருந்திருக்கிறது. திருத்துவது ஒருவர் வேலையல்ல, ஒரு கோஷ்டியின் வேலை என்று இதிலிருந்து புரிந்தது. இன்று இந்நோய்க்கு எட்டு வகைகள் சொல்கிறார்கள். இந்தக் கோஷ்டி எப்படி வெட்டி ஒட்டுகிறது என்பதை அங்கம் அங்கமாகக் காட்டிய அஸீஸ் ஸன்ஜாருக்கு, டி.என்.ஏ. திருத்தத்தை ஆராய்ந்த வேறு இருவரோடு சேர்த்து, 2015-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. துருக்கியில் ஸாவுர் என்ற சிற்றூரில், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவர் அவர்.

நாரிஸின் மச்சக் குடும்பம் என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்கலாம். அதற்கும் 1994-இல் விடை வந்தது. அணு அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுக்கும் கடிவாளம் போன்ற ஜீன் ஒன்று, மெலனோமா திரும்பத் திரும்ப வரும் குடும்பங்கள் பலவற்றில் கெட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஹாலந்தில் லெய்டன் நகரை அடுத்த பகுதியில் பல குடும்பங்கள், அந்த ஜீனில் பத்தொன்பது எழுத்துக்கள் விட்டுப்போன ஒரே பிரதியை ஒரே மூதாதையிடமிருந்து பெற்றிருக்கின்றன. இது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஆகவேதான் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்குகிறது. இருந்தும், பெற்றவர் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. குறித்த காலத்தில் மச்சங்களைப் பரிசோதித்துக்கொள்பவர்களுக்கு, நோய் வந்தாலும் ஆழம் போவதற்குள் வெட்டி எடுத்துவிட முடிகிறது. நாரிஸ் காலத்தில் வம்சம் என்றால் தீர்ப்பு. இன்று அது ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

கடிதம் கிடைக்காதவர்களின் நிலையை ஒரு கிராமத்தைக் கொண்டு சொல்லுகிறேன். பிரேஸிலில் கோயாஸ் மாகாணத்தில் அராராஸ் என்ற ஊர். எண்ணூறு பேர் வசிக்கும் இடம், விவசாயமே ஜீவனம். இங்கே இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கபோஸியின் நோய். உலகில் பல லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது இந்த ஒரு கிராமத்தில் இத்தனை பேருக்கு! சில குடும்பங்கள் வந்து குடியேறிய ஊர். சுற்றமும் சுற்றமும் மணந்துகொண்டதில், மறைந்திருந்தது வெளிப்பட்டுவிட்டது. மூக்கையும் உதட்டையும் புற்று தின்ற முகத்தோடு அவர்கள் வயலில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தக் கோளாறு என்றார் ஒரு டாக்டர். சாதாரணச் சரும நோய் என்றார் வேறொருவர். வெயிலில் நிற்காதே என்று எவரும் சொல்லவில்லை. நோயின் பெயரே இந்த நூற்றாண்டில்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஸாவோ பவுலோ ஆராய்ச்சியாளர்கள் அங்கே இரண்டு தனித்தனி ஜீன் பிழைகள் இருப்பதைக் கண்டு 2017-இல் வெளியிட்டார்கள். அந்த வகையில் நோய் சற்று மெதுவாக வரும். ஆகவே சிறு வயதிலேயே தெரிந்திருந்தால் எத்தனையோ முகங்கள் தப்பியிருக்கும்.

சுற்றத்துக்குள் மணம் என்றதும் நம் ஊர் நினைவு வராமல் இருக்காது. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவு விட்டுப்போகாமல் முடிச்சுப் போடுகிற நாடு நம்முடையது. அப்படி மணந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தைகளே பிறக்கின்றன; அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பெற்றோர் இருவரிடமும் ஒரே குறை மறைந்திருப்பதற்கு உறவு மணத்தில் சந்தர்ப்பம் கூடுதல். அத்தை பிள்ளையும் மாமன் பெண்ணும் தங்கள் ஜீன்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கு. ஒரு குழந்தைக்கு இப்படி நோய் கண்டால் பெண்ணின் ராசி என்றும், முன்வினை என்றும் பேசி, தாயை மூலையில் உட்கார வைப்பது நமக்குப் பழக்கம். மெண்டலின் கணக்கில் தாய்க்கு ஒரு பாதி என்றால் தகப்பனுக்கும் ஒரு பாதி. இருவரும் அறியாமல் கொடுத்தது அது.

நம்முடைய கருமை நமக்கு நல்ல குடைதான். ஆகவே தோல் புற்று நம்மிடையே குறைவு. முழுக் காப்பு அல்ல. உள்ளங்காலிலும் நகக்கண்ணிலும் வெயில் படாத இடத்தில் வரும் மெலனோமா நிறம் பார்ப்பதில்லை. ஆறாத புண்ணையும், திடீரென்று வளரும் மச்சத்தையும் சுண்ணாம்பு தடவி மறைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இன்னும் ஒரு கூட்டத்தார் நம்மிடையே உண்டு. பிறவியிலேயே தோலிலும் மயிரிலும் கண்ணிலும் சாயமில்லாமல், பால்போல் வெளுத்துப் பிறக்கிறார்கள். இதுவும் இரு பெற்றோரிடமும் மறைந்திருந்து வெளிப்படுவதுதான். திருத்துகிறவர் அவர்களிடம் இருக்கிறார், குடைதான் இல்லை. ஆப்பிரிக்காவில் தான்ஸானியா போன்ற நாடுகளில் இப்படிப்பட்டவர்கள் பலர் இளமையிலேயே தோல் புற்றினால் இறந்திருக்கிறார்கள். அங்கே தொண்டு செய்பவர்கள் அவர்களுக்கு அகன்ற தொப்பியும், முழுக்கைச் சட்டையும், தோலில் பூசும் களிம்பும் கொடுக்கிறார்கள்.

இருநூறு ஆண்டு ஆராய்ச்சியின் பயன் ஒரு தொப்பிதானா என்று கேட்பவர்கள் இருக்கலாம். கபோஸியின் நோய்க்கு இன்றும் பூரணச் சிகிச்சை இல்லை. ஆனால் ஜன்னலுக்குத் திரையிட்டு, பகலில் உடம்பு முழுவதும் மூடி, இருட்டிய பிறகு விளையாட விட்டு வளர்க்கப்படும் குழந்தைகள் முன்னைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள். வம்சத்தை மாற்ற நம்மால் ஆகாது; வெயிலை மறைக்க ஆகும். தலையெழுத்து என்று கைகட்டி இருந்தவர்களுக்கும், காரணம் அறிந்துகொண்டவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தொப்பிதான்.

உங்கள் தெருப் பள்ளிக்கூடத்திலும் சாயமில்லாத அந்த வெளுத்த தலை ஒன்று இருக்கக்கூடும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கரும்பலகை தெரியாமல், கேலிப் பெயர் ஒன்றைச் சுமந்துகொண்டு கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும். அதை முதல் பெஞ்சிக்கு அழைத்துக்கொள்ளவும், மத்தியான விளையாட்டு நேரத்தில் வேப்பமர நிழலில் நிறுத்திக்கொள்ளவும் விஞ்ஞானிகள் வர வேண்டாம். விஷயம் தெரிந்த ஒரு வாத்தியார் போதும்.